தேன் பாட்டிலில் ஒரு வரி சேருங்கள்: குமரி மாவட்டத் தேனீ வளர்ப்போருக்குத் திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் தேனீ வளர்க்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், தேன் கூட்டுறவுச் சங்கங்களை நடத்துபவர்களுக்கும், தேன் அடைத்து விற்கும் சுய உதவிக் குழுப் பெண்களுக்கும், மார்த்தாண்டம் தொடங்கி திற்பரப்பு, கன்னியாகுமரி வரை தேன் கடை வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. நீங்கள் விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலும், கண்ணில் படும் அளவில், "ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது" என்று அச்சிடுங்கள். பாட்டிலைக் கையில் கொடுக்கும்போது வாயாலும் அதைச் சொல்லுங்கள்.

நான் இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த பிறகு போய்ப் பார்த்து, எடை போட்டு, தடுப்பூசித் தேதி சொல்லிவிட்டு வருவது எங்கள் வேலை. எங்கள் ரப்பர் விளையிலும் அப்பா வைத்த தேன் பெட்டிகள் இருந்தன. தேன் எடுக்கிற நாளில் அடையோடு சேர்த்துச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். தேனைக் குறை சொல்ல வந்தவள் என்று என்னை நினைக்க வேண்டாம்.

நம் ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால் தேன் எத்தனை வழியாக அதன் வாய்க்கு வருகிறது என்று பாருங்கள். பிறந்த உடனே வீட்டில் நல்ல குணமுள்ள ஒருவரைக் கூப்பிட்டுச் சேனை வைப்பார்கள். சிலர் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள், சிலர் தேன். விளவங்கோடு, கல்குளம் பக்கம் தேனும் வயம்பும் கொடுப்பது உண்டு. வசம்பையும் கூடவே ஒரு பொட்டுப் பொன்னையும் கல்லில் உரசி, தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். பேச்சு தெளியும், புத்தி வரும் என்பது நம்பிக்கை. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்கள் இவை, அந்தப் பக்கத்து வழக்கங்கள் இங்கேயும் அப்படியே தங்கிவிட்டன. இஸ்லாமியர் வீடுகளில் பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளையின் வாயில் தடவுவார்கள், பழம் கைவசம் இல்லாவிட்டால் சிலர் தேன் தடவுவதும் உண்டு. அப்புறம் உரை மருந்து. மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் உரைகல்லில் இழைத்துத் தேனில் கலந்து கொடுப்பார்கள். சளி பிடித்தால் துளசிச் சாறும் தேனும். நாக்கில் வெள்ளை படிந்தால் தேன். விடாமல் அழுதால் சூப்பானைத் தேனில் முக்கி வாயில் வைப்பார்கள்.

இதில் சிறுதேனுக்குத் தனி மரியாதை. கொசுத்தேனீ சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் சேர்த்து வைப்பது, ஒரு கூட்டில் கொஞ்சமே கிடைக்கும், விலையும் பல மடங்கு. அது மருந்துத் தேன் என்பதால் வீட்டில் வேறு யாரும் தொடாமல் பிள்ளைக்கென்றே ஒரு சின்னக் குப்பியில் எடுத்து வைத்திருப்பார்கள். வீட்டில் இருப்பதிலேயே உயர்ந்ததைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அது. அந்த அம்மச்சிகளின், ஆச்சிகளின், உம்மும்மாக்களின் அன்பில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் தேன் அந்த வயதுக்கு ஆகாது. காரணம் ஒரு நுண்ணுயிர். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று பெயர். உலகம் முழுக்க மண்ணிலும் தூசியிலும் இருப்பது. சூழல் ஒத்துவராத காலத்தில் அது கெட்டியான உறையைப் போர்த்திக்கொண்டு விதை போல உறங்கிக் கிடக்கும், பல ஆண்டுகள்கூட. தேனீ ஈரமண்ணில் தண்ணீர் உறிஞ்சுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பூவில் படிந்த தூசியும் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்படித்தான் இந்த வித்துகள் பெட்டிக்குள்ளும் தேனுக்குள்ளும் வந்து சேர்கின்றன. தேனில் நீர் குறைவு, புளிப்புத்தன்மை அதிகம் என்பதால் அங்கே அவை முளைக்க முடியாது. சாவதும் இல்லை.

நாம் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புதிதாக வரும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. சில மாதமே ஆன பிள்ளையின் குடலில் அந்தக் கூட்டம் இன்னும் சேரவில்லை. அங்கே வித்து முளைத்து, பெருகி, ஒரு நஞ்சைச் சுரக்கிறது. மனிதருக்குத் தெரிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் அது ஒன்று. முகச் சுருக்கம் போக்க மிக மிகச் சிறிய அளவில் போடும் போட்டாக்ஸ் ஊசியில் இருப்பதும் அதே பொருள்தான். தசையை அசையச் சொல்லும் ரசாயனத்தை நரம்பு நுனி வெளியே விடாதபடி அது தடுத்துவிடும். அதன் பிறகு தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகும். கடைசியில் மூச்சு விடும் தசையும் சோர்ந்துபோகலாம்.

குழந்தைகளுக்கு வரும் பாட்டுலிசம் என்ற இந்த நோயை 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில்தான் முதலில் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே தேனோடு உள்ள தொடர்பும் தெரிந்துவிட்டது. 2018இல் அதே நாட்டின் டெக்ஸாஸ் மாநிலத்தில் நான்கு கைக்குழந்தைகள் இந்த நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நான்கு பேருமே உள்ளே தேன் அடைத்த சூப்பான் பயன்படுத்தியவர்கள். தேனில் முக்கிய சூப்பான்களை நம் வீடுகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று அந்தச் செய்தியைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

நோய் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீடுகளிலும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கே வருகிறது. வித்து உள்ளே போய் மூன்று நாளிலும் தெரியலாம், ஒரு மாதம் கழித்தும் தெரியலாம். அதனால்தான் வீட்டில் யாரும் தேனோடு அதைச் சேர்த்து யோசிப்பதில்லை. முதலில் மலச்சிக்கல். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை சில நாள் மலம் போகாமல் இருப்பது சாதாரணமாகவும் நடக்கும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அதோடு சேர்ந்து பிள்ளை பால் இழுத்துக் குடிக்காமல் சோர்வது, அழுகைச் சத்தம் மெலிந்துபோவது, கண்ணிமை பாதி மூடியபடியே கிடப்பது, முகத்தில் சிரிப்போ சுளிப்போ இல்லாமல் போவது, நிமிர்ந்து நின்ற கழுத்து மறுபடி தொங்குவது, தூக்கினால் கையும் காலும் துணி மாதிரி தொய்வது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, "காய்ச்சல் இல்லையே" என்று இருந்துவிடாதீர்கள். 108க்கு அழைத்து, மூச்சுக் கருவி வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மாதிரி ஓர் இடம்.

போனதும் "பிள்ளைக்குத் தேன் கொடுத்தோம்" என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து பல வீடுகளில் இதைச் சொல்வதே இல்லை. சொன்னால்தான் டாக்டருக்கு இந்த நோய் நினைவுக்கு வரும். ரத்தத்தில் கிருமி என்று நினைத்து ஜென்டாமைசின் வகை ஊசி போட்டால், இந்த நோயில் தசைச் சோர்வு இன்னும் கூடும். அந்த ஒரு தகவல் வைத்தியத்தையே மாற்றும். சரியான நேரத்தில் சேர்த்து, மூச்சுக்கும் பாலுக்கும் துணை கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். ஆனால் அதற்கு வாரக் கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க வேண்டும். நஞ்சை முறிக்கும் மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2003இல் அனுமதி கிடைத்தது. நம் பக்கத்தில் நினைத்த உடனே அது கிடைக்காது.

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி எனக்குத் தெரியும். "நாங்கள் எல்லாம் தேன் நக்கி வளர்ந்தவர்கள்தானே, எங்களுக்கு என்ன ஆயிற்று?" நியாயமான கேள்வி. இது அபூர்வமான நோய்தான், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. எல்லாத் தேனிலும் இந்த வித்து இருப்பதில்லை, இருந்தாலும் எல்லாப் பிள்ளைக்கும் முளைப்பதில்லை. தேன் நாக்கில் படாத பிள்ளைக்கும் மண்ணிலிருந்தும் தூசியிலிருந்தும் இந்த நோய் வருவது உண்டு, தூசியை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உறுதியாகத் தெரிந்த, நம் கையால் தடுக்கக்கூடிய வழி தேன்தான். இன்னொன்றும் உண்டு. பிள்ளையின் மலத்தில் அந்த நஞ்சைத் தேடிப் பார்த்துத்தான் நோயை உறுதி செய்ய முடியும், எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிற சோதனை அல்ல அது. முந்தைய தலைமுறையில் "பிள்ளை துவண்டு போச்சு, தோஷம்" என்று சொல்லிப் புதைத்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு எது காரணம் என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை. நன்றாக வளர்ந்தவர்கள்தான் இன்று எழுந்து நின்று "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்ல முடியும்.

அடுத்த கேள்வி உங்கள் தொழிலோடு சேர்ந்தது. "எங்கள் தேன் கலப்படம் இல்லாத சுத்தமான தேன்." நம்புகிறேன். ஆனால் இந்த விஷயத்தில் சுத்தமும் கலப்படமும் ஒரு கணக்கே இல்லை. உங்கள் கையால் பெட்டியைத் திறந்து, அடையை நீங்களே இயந்திரத்தில் சுற்றி எடுத்தாலும், காணிக்காரர் பேச்சிப்பாறை மலையில் எடுத்து வரும் மலைத்தேன் ஆனாலும், குப்பியில் பூட்டி வைத்த சிறுதேன் ஆனாலும், அந்தத் தேனீ அதே மண்ணில் இறங்கித்தான் தண்ணீர் குடிக்கிறது. ரப்பர் தேனில் நீர் கூடுதல் என்பதால் சங்கத்தில் சூடாக்கி, வடிகட்டி, நீர் குறைத்து அடைக்கிறீர்கள். அந்தச் சூட்டில் புளிக்க வைக்கும் ஈஸ்ட் சாகும், இந்த வித்து சாகாது. தண்ணீர் கொதிக்கும் சூட்டைக்கூட அது தாங்கும். அழுத்தக் கொதிகலனில் 121 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும், அந்தச் சூட்டுக்குப் போன தேன் தேனாக இருக்காது. துணியிலோ சல்லடையிலோ வடிகட்ட முடியாத அளவுக்கு அது சிறியது. வித்து இருக்கும் தேனைப் பார்த்தோ, முகர்ந்தோ, ருசித்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே அக்மார்க் முத்திரை பார்த்து வாங்கினேன், தெரிந்தவர் வீட்டில் வாங்கினேன் என்பதெல்லாம் பிள்ளை விஷயத்தில் பாதுகாப்பு ஆகாது. ஒரு துளிதானே, நாக்கில் தொட்டு வைப்பதுதானே என்பதும் அப்படியே.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், அந்தத் தேன் பிள்ளையின் வாய்க்குப் போகும் முன்பே அதைக் கேள்விப்படும் ஆள் நீங்கள்தான். "பிள்ளைக்கு மருந்துக்கு வேணும், நல்ல தேனா தாங்க" என்று கேட்டு வருபவர்களை உங்கள் கடையில் நீங்கள் பார்க்கிறீர்கள். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் வரும் ஒரு தாத்தா எந்த டாக்டரிடமும் அதைச் சொல்வதில்லை, எங்களைப் போன்ற செவிலியரிடமும் சொல்வதில்லை. தேன் கடையில் சொல்கிறார். நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சேனை வைத்து முடிந்திருக்கும். நாங்கள் எடுத்துச் சொன்னாலும் "ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று ஒரு சிரிப்போடு போய்விடும். தேன் விற்கிற ஆளே "கைப்பிள்ளைக்கு வேண்டாம் அம்மா, ஒரு வயசு கழியட்டும்" என்று சொன்னால் அது வேறு. தன் வியாபாரத்துக்கு எதிராக ஒருவர் சொல்லும் சொல்லை நம் சனங்கள் நம்புவார்கள்.

வியாபாரம் குறையும் என்று பயப்பட வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கைக்குழந்தைக்குச் செலவாகும் தேன் எவ்வளவு? சில துளி. ஒரு வயது கழிந்த பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் நல்லது என்பதை இன்று மருத்துவ ஆய்வுகளே ஒத்துக்கொள்கின்றன. ராத்திரி படுக்கும் முன் அரை ஸ்பூன் கொடுத்தால் இருமல் தணிந்து தூங்கும். கடையில் வாங்கும் இருமல் மருந்தைவிட நான் அதையே சொல்வேன். அதையும் லேபிளில் நீங்கள் பெருமையாக எழுதலாம். வெளிநாடுகளில் பல தேன் பாட்டில்களில் "ஒரு வயதுக்குக் கீழ் வேண்டாம்" என்ற வரி அச்சாகியே வருகிறது, அதைப் பார்த்து அங்கே யாரும் தேன் வாங்காமல் போகவில்லை. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்க்காரர் பெயர் பார்த்து வாங்கப்போகும் அந்தப் பாட்டிலில் இந்த வரியும் இருந்தால் மரியாதை கூடத்தான் செய்யும்.

புதிதாக ஒன்றைக் கற்று வழக்கத்தை மாற்றுவது உங்கள் தொழிலுக்குப் புதிதல்ல. மரப்பொந்திலும் பானையிலும் கிடைத்த அடையைப் பிழிந்து தேன் எடுத்த ஊர் இது. 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் பெட்டியில் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்தபோது நம் முன்னோர் கற்றுக்கொண்டார்கள், புழுவும் முட்டையும் நசுங்காமல் தேனை மட்டும் எடுக்கப் பழகினார்கள். 1991 வாக்கில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் சாக்புரூட் வைரஸ் வந்து பெட்டி பெட்டியாகக் கூட்டங்கள் அழிந்தபோது, பலர் தொழிலையே விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் தாக்குப்பிடித்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித் திரும்ப எழுந்தார்கள். அத்தனை பாடுபட்டவர்களுக்கு லேபிளில் ஒரு வரி பெரிய காரியமில்லை.

சித்த, ஆயுர்வேத வைத்தியர்களும் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை. மருந்தைத் தேனில் குழைத்துக் கொடு என்று நீங்கள் சொல்வது பெரியவர்களுக்குச் சரி. ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குச் சீட்டு எழுதும்போது தாய்ப்பாலில் குழைக்கச் சொல்லுங்கள், அதுவும் நம் பழைய வழக்கம்தான். கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரியில் படித்து வெளியே வரும் இளம் வைத்தியர்கள் இதைத் தங்கள் ஊர்களில் எடுத்துச் சொன்னால் எங்கள் சொல்லைவிட அதிகம் எடுபடும்.

கேட்டு வருபவரிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் பக்கத்துக் கடைக்குப் போவார். பதிலுக்கு என்ன செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள். சேனை வைக்க ஆசைப்பட்டால் தாயின் சீம்பாலையே ஒரு துளி எடுத்து, வைக்க வேண்டியவர் கையால் வைக்கட்டும். குணமும் சொந்தமும் கையில்தானே இருக்கிறது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. நாங்கள் வீடு வீடாகச் சொல்வதும் அதே. நாக்கில் வெள்ளை படிந்தால் அதற்கு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். கைக்குழந்தைக்குச் சளி என்றால் அடிக்கடி பால் கொடுக்க வேண்டும், மூச்சு வாங்கினால் காட்ட வேண்டும். பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள் நடக்கும் இருபத்தெட்டுக் கட்டுக்கு வருபவர்கள் தேன் பாட்டில் பரிசாகக் கொண்டுவந்தால் அது தாய்க்கும் வீட்டாருக்கும். தாய் தேன் சாப்பிடுவதால் பாலில் இந்த வித்து வராது, அவர் தாராளமாகச் சாப்பிடலாம்.

எழுதும் வரி தமிழில் மட்டும் இருந்தால் போதாது. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போகும் தேன் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், ஆகவே மலையாளத்திலும் வேண்டும். முக்கடல் கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பவர்கள் ஆங்கிலமும் இந்தியும் சேர்க்கலாம். லேபிள் அடிக்க வசதியில்லாமல் பழைய பாட்டிலில் ஊற்றி விற்கிற வீட்டுக்காரர்கள் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து ஒட்டுத்தாளில் குத்தினாலும் சரி, அதுவும் முடியாவிட்டால் வாயால் சொன்னாலும் சரி. சிறுதேன் விற்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதை வாங்குபவர்களில் பலரும் பிள்ளைக்காகவே வாங்குகிறார்கள்.

ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்விட்டால் தேன் வரத்து தொடங்கிவிடும், அப்புறம் உங்களுக்கு நிற்க நேரம் இருக்காது. அதற்கு முன்பே புது லேபிள் அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். சங்கக் கூட்டத்திலோ குழுக் கூட்டத்திலோ இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் நானும் என்னோடு வேலை பார்த்த செவிலியர் சிலரும் வரத் தயார். உங்கள் வீட்டுப் பெண்களையும் மாமியார்மாரையும் கட்டாயம் கூட்டி வாருங்கள், அவர்கள் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் உட்கார்ந்து பதில் சொல்கிறோம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்